எப்சிபா சிஸ்டர் வீட்டு ஏ.சி. திருப்பிக் கொடுத்தவை

அந்த வருஷம் பாளையங்கோட்டையில் பங்குனி முடிவதற்குள்ளேயே வெயில் சித்திரையின் வேலையையும் சேர்த்துச் செய்யத் தொடங்கி, செம்பருத்தி நகர் மூன்றாம் தெருவில் காகங்கள்கூட உச்சிப்பொழுதில் தண்ணீர்த் தொட்டியின் நிழலை விட்டு நகர மறுத்து, மொட்டைமாடியில் பிழிந்த கூழ்வற்றல் அரைநாளிலேயே சலசலவென்று காய்ந்துவிட்ட நாட்களில்தான், நர்ஸ் எப்சிபா தன் படுக்கையறைக்கு ஒரு ஏ.சி. வாங்கினாள்.

பவுசுக்கு வாங்கியதல்ல. பெரிய ஆஸ்பத்திரியில் பச்சைப்பிள்ளைகள் வார்டில் அவளுக்கு மாதக்கணக்கில் இரவு டூட்டி. ஊரெல்லாம் எழுந்து பல் விளக்குகிற நேரத்தில் வீடு திரும்பி, பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக இருக்கும் கணவன் ஞானதுரையை வாசலில் வழியனுப்பி, ஒன்பதரைக்குப் படுத்தால், மேல்மாடி வீட்டின் கூரை பத்து மணிக்கே தோசைக்கல்லாகி அவளைப் புரட்டிப் புரட்டிப் போட்டது. அப்படித் தூங்காமல் டூட்டிக்குப் போனவள் ஒருநாள் பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கையில் பிடித்தபடி நின்றவாக்கில் கண்ணயர்ந்துவிட்டாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தவில்லை, ஆனால் ஹெட் நர்ஸ் பார்த்துவிட்டார். "இன்னொரு தடவ இப்படிப் பாத்தேன்னா ஓ.பி.யில சீட்டு எழுத அனுப்பிருவேன்" என்றார். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்து, உள்ளங்கை அகலத்தில் கிடந்து, மூக்கைச் சுருக்கும் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் எப்சிபா யாருக்கும் தெரியாமல் ஒரு செல்லப்பேர் வைத்திருந்தாள். அவர்களை விட்டுவிட்டுச் சீட்டு எழுதுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தூங்கியே ஆகவேண்டும் என்பதால் வாங்கிய ஏ.சி. அது.

மேலப்பாளையத்திலிருந்து மீரான் பாய் வந்து மாட்டினார். இருபது வருஷம் ஏ.சி. வேலை பார்ப்பவர், ஒரு வீட்டுக்கு ஒரே கோளாறுக்காக மூன்று தடவைக்கு மேல் போனால் அது மெக்கானிக்குக்கு அவமானம் என்று நினைக்கிற ஆள். கதவோரமாகச் சின்னப் பெட்டி வைத்து அதில் ஏ.சி.க்கென்று தனியாக ஒரு பிரேக்கர் பூட்டினார். பிரேக்கர் என்றால், கரண்ட் எக்குத்தப்பாகப் போனால் 'டப்' என்று தானே விழுந்து வீட்டைக் காப்பாற்றும் சுவிட்ச்.

அவர் பெட்டியை மூடுவதற்குள் எதிர்வீட்டுச் சண்முகவடிவு கிண்ணத்தில் குழைத்த சந்தனத்தோடு வந்துவிட்டாள். ஐம்பத்திரண்டு வயசிலும் படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிற பொம்பளை.

"யக்கா, நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கல்லா" என்று எப்சிபா சிரித்தாள்.

"நீ வேதக்காரிதான் ஏட்டி, நான் இல்லைங்கல. மெஷினுக்கு ஏது வேதம்? புதுசா வந்திருக்கு, ஒரு பொட்டு வச்சுக்கட்டும்."

தளதளவென்று ஒரு விரல் சந்தனத்தைப் பிரேக்கரின் நெற்றியில் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள். அது வழிந்தது. யாரும் துடைக்கவில்லை. பிரியமாக வைத்த பொட்டை எப்படித் துடைப்பது?

மறுநாள் காலை எப்சிபா ஏ.சி.யைப் போட்டுப் படுத்தாள். குளிர் வந்து பாதத்தைத் தொட்டு, முழங்காலுக்கு ஏறி, இமையருகே வந்து சேர்ந்த இருபதாவது நிமிஷம், பெட்டிக்குள் 'டப்' என்றது, ஏ.சி. நின்றது, அதன் காற்று வாயிலிருந்து ஏதோ 'டிங்' என்று தரையில் விழுந்தது. குனிந்து பார்த்தாள். போன வருஷம் பாவூர்ச்சத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் தொலைத்த அவளுடைய கம்மலின் திருகாணி. எடுத்து நைட்டியில் துடைத்துக் காதில் திருகிக்கொண்டு, "இந்தச் சவத்து பிரேக்கர் ஏன் விழுது?" என்று எரிச்சலோடு போய் அதைத் தூக்கிவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை, அன்று காலை பஸ்ஸில் தவறவிட்ட பேனா.

மூன்றாம் நாள் ஒரு டிபன் பாக்ஸ் மூடி வந்தது. அது அவளுடையதல்ல. எங்கள் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள், மூடியில் 'மு. திரவியம்' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. தெரு நலச் சங்கத்தின் செயலாளர் திரவியம் அண்ணாச்சி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணாச்சி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ரெண்டு வருசத்துக்கு முன்ன குத்தாலத்துல விட்டதுல்லா. உன் கைக்கு எப்படி வந்துது?"

"ஏ.சி. ட்ரிப் ஆவுதுல்லா அண்ணாச்சி, அப்ப விழுந்துது."

"ஓகோ" என்றார் அண்ணாச்சி. பிறகு கொஞ்சம் யோசித்து, "அங்கன எங்க வீட்டுக் கரண்டி ஏதும் கெடக்கா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள், இரண்டாம் நாள் பதினான்கு பேர், ஒரு வாரத்தில் படிக்கட்டில் இடம் பிடிக்கத் துண்டு போட ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாச்சி சட்டதிட்டம் எழுதி வாசலில் ஒட்டினார்: செருப்பைக் கீழே கழற்ற வேண்டும், ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் அறைக்குள் கூடாது, பேர் வெட்டிய பொருள் பேருக்குரியவருக்கே, பேர் இல்லாததை ஒருநாள் கட்டில்மேல் பரப்பி வைத்து எல்லோரும் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். ஒற்றைக் கொலுசு வந்தது, மூக்குக்கண்ணாடி வந்தது, சாவிகள் கொத்துக் கொத்தாக வந்தன. மச்சான் திருடிவிட்டான் என்று எட்டு வருஷம் பேசாமலிருந்த ஒருவருக்கு அவருடைய குடை வந்து விழ, அவர் அதை விரித்துக்கூடப் பார்க்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே மச்சான் வீட்டுக்குப் போனார். மின்கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் 'இதென்ன கூத்து' என்று விசாரிக்க வந்து, தன் குறடு கிடைத்ததும் காப்பி குடித்துவிட்டுப் போனார். சில பேர் பழைய கத்தரிக்கோலை வேண்டுமென்றே தொலைத்துப் பார்த்தார்கள். அந்த மாதிரிக் கள்ளத்தனமெல்லாம் ஏ.சி.யிடம் செல்லவில்லை.

எப்சிபாவோ கட்டிலில் கண்ணை இறுக்க மூடிக் கிடந்தாள். சுற்றிலும் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்து, "சிஸ்டர் தூங்குதாவ, சத்தம் போடாதிய" என்று ஒருவரையொருவர் சத்தம் போட்டு அடக்கிக்கொண்டிருந்தார்கள். அன்புக்குக் குறைச்சலில்லை, ஒருத்தி சொதி கொண்டுவந்தாள், ஒருத்தி மோர் கொண்டுவந்தாள், ஒருத்தி கால் பிடித்துவிட்டாள். தூக்கத்தை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. பெட்டிக்குள்ளிருந்த பிரேக்கருக்கும் மவுசு கூடியது. வெள்ளிக்கிழமைதோறும் சண்முகவடிவு புதுச் சந்தனம் வைத்தாள். சர்ச் ஜெபக்குழு அம்மாக்கள் அதன்மேல் ஒரு சொட்டு ஜெப எண்ணெய் தொட்டுவைத்தார்கள். யாரோ ஒரு தாயத்துக் கயிறும் சுற்றிவிட்டார்கள்.

தினமும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவள் சண்முகவடிவுதான். "உனக்கு என்னக்கா தொலைஞ்சுது?" என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் தொலயலட்டி, சும்மா காத்தாட வந்தேன்" என்பாள். தெருவில் அவளுக்கு 'ஓட்டக்காரி' என்று பட்டப்பேர். ஒன்பதாவது படிக்கையில் மாவட்ட அளவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதல் பரிசு வாங்கினேன் என்று அவள் சொல்வதும், "ஆமா ஆமா, மெடல காக்கா தூக்கிட்டுப் போச்சு" என்று தெரு சிரிப்பதும், கல்யாணமாகி அவள் இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து நடக்கிற வழக்கம். அவள் புருஷன்கூடச் சேர்ந்து சிரிப்பான். அவளும் சிரிப்பாள்.

மீரான் பாய் முதல் தடவை வந்து ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். பிரேக்கர் விழுந்தது. இரண்டாம் தடவை கெப்பாசிட்டரை மாற்றினார். விழுந்தது. மூன்றாம் தடவை வெளியே இருக்கும் பெட்டியைத் திறந்து, கம்ப்ரெஸரில் எங்காவது கரண்ட் கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார், காஸ் அளவு பார்த்தார், எல்லாம் சுத்தமாக இருந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றபோது 'டப்' என்றது, அவர் ஒன்றரை வருஷத்துக்கு முன் தொலைத்த டெஸ்டர் வந்து விழுந்தது. "இது என்னோடதுதான்" என்று பையில் போட்டுக்கொண்டவர், அவமானத்தில் மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அந்த வாரம் எப்சிபா வார்டில் ஒரு பிள்ளையின் கையில் கட்ட வேண்டிய பேர்ச்சீட்டை இன்னொரு பிள்ளையின் தொட்டில்வரை கொண்டுபோய்விட்டாள். கட்டவில்லை. கடைசி நொடியில் கவனித்துவிட்டாள். ஆனால் காலையில் பஸ்ஸில் ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் மனசுக்குள் மறுபடி மறுபடி சரிபார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும், படியில் காத்திருந்த கூட்டத்தைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மீரான் பாய்க்குப் போன் போட்டாள்.

"பாய், நாலாவது தடவன்னு பாக்காதிய. வாங்க. நான் எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

நர்ஸுக்கு எழுதாமல் இருக்க வராது. காய்ச்சல்காரனுக்குச் சார்ட் போடுகிற மாதிரி, முதல் நாளிலிருந்தே ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு, ஏ.சி. போட்ட நேரம், விழுந்த நேரம், அன்றைய வெக்கை, கடைசிக் கட்டத்தில் என்ன வந்தது என்று ஒன்றுவிடாமல் குறித்திருந்தாள்.

மீரான் பாய் நோட்டை வாங்கிக் கடைசிக் கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் தெளிந்தது.

"சிஸ்டரம்மா, எங்கயாவது ஒயர் முட்டுச்சுன்னா போட்ட ஒடனே விழணும். மோட்டர் மக்கர் பண்ணுச்சுன்னா கெளம்பும்போதே விழணும். இது எப்பவும் இருவது, இருவத்திரெண்டு நிமிசம் ஓடி விழுது. சூட்டோட திரும்பப் போட்டா அஞ்சே நிமிசம். மேகம் மூடியிருந்த அன்னைக்கு மட்டும் முப்பத்தொண்ணு. அப்ப எங்கயோ ஒரு எடம் கொஞ்சங் கொஞ்சமா சூடேறுது. ஏ.சி.யில இல்ல. வர்ற வழியில இருக்கு." அவர் திரும்பிக் கதவோரப் பெட்டியைப் பார்த்தார். தயங்கினார். "நான் அதை மட்டும்தான் தொறந்து பாக்கல. சாமி காரியமா வச்சிருக்கிய, நாம எப்படித் தொடுறதுன்னு..."

"எங்க வீட்டுச் சாமி இல்லியே பாய். அது வடிவக்கா வச்சது. அவங்க மனசு நோவக்கூடாதுன்னுதான் நானும் தொடல."

எல்லோரும் சண்முகவடிவைப் பார்த்தார்கள். "அதுக்குன்னு ஒரு நாளும் தொடைக்காமலா இருப்பிய? நீங்க பிரியமா வச்சிருக்கிய போலன்னுல்லா நான் வாராவாரம் வச்சேன்!" என்றாள் அவள்.

இப்படியாக, மூன்று பேருடைய மரியாதையும் ஒன்றின்மேல் ஒன்றாக அந்தப் பெட்டிக்குள் காய்ந்து கெட்டித்திருந்தது. மீரான் பாய் மெயினை அணைத்து, கயிற்றை அவிழ்த்துப் பத்திரமாகச் சண்முகவடிவு கையில் கொடுத்து, பிரேக்கரைக் கழற்றினார். திருகாணி இறுகப் பிடிக்க வேண்டிய இடத்தில் முதல் நாள் சந்தனம் வழிந்து இறங்கி, செம்பு பச்சைக் களிம்பேறி, ஒயர் நுனி கருகியிருந்தது.

"யம்மா, இது பிரேக்கரா, சப்பரத்துல வந்த உற்சவ மூர்த்தியா?" என்றார். இருபது வருஷ மானம் திரும்பக் கிடைத்த குரல் அது. "பத்து நிமிச வேல. ஒயர் நுனிய வெட்டிட்டு, புதுசு ஒண்ணு மாட்டி முறுக்கிட்டா, ஏழு பொறப்புக்கும் விழாது."

விழாது என்ற சொல் படி இறங்கித் தெரு முழுக்கப் போயிற்று. சற்று நேரத்தில் அண்ணாச்சி ஆட்களோடு மேலே வந்தார். வரிசையில் இன்னும் நாற்பது வீடு பாக்கி, ஒரு மாசம் பொறுக்கக்கூடாதா, நாங்கள் வேண்டுமானால் சிஸ்டருக்கு வேறு இடத்தில் படுக்கை போட்டுத் தருகிறோம் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். எப்சிபா யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவள். அன்று பேசினாள்.

"அண்ணாச்சி, நேத்து ஒரு பிள்ளைக்குப் பேர் மாத்திக் கட்டப் பாத்தேன். பொருளு தொலைஞ்சா இந்த ஏ.சி. தரும். பெத்தவகிட்ட பிள்ள மாறிப் போச்சுன்னா எந்த ஏ.சி. தரும்? எனக்குத் தூங்கணும்."

அண்ணாச்சி ஆட்களோடு ஓரமாக ஒதுங்கினார். மீரான் பாய் வேலையை ஆரம்பித்தார். சண்முகவடிவு மட்டும் மெதுவாக எழுந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். இரண்டிரண்டாக அல்ல, ஒவ்வொன்றாக. எப்சிபாவுக்கு அது பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடி நடுப்படியில் பிடித்தாள்.

"சொல்லுக்கா. என்ன தொலைச்ச?"

"அந்த மெடல்தான்" என்றாள் சண்முகவடிவு. கண்ணில் நீர் நின்றது. "கிரவுண்டுலருந்து ஊருக்குப் போற பஸ்ஸுல, பையில ஓட்டை இருந்திருக்கு. சர்டிபிகேட் பொறவு வரும்னாவ, அதுவும் வரல. எங்கப்பாவே நம்பல. முப்பத்தெட்டு வருசமாச்சு. எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிச்சிக்கிடுதேன். எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு ஏட்டி, நெசமாவே ஓடுனனான்னு."

எப்சிபா கையில் மீரான் பாய் திருப்பிக் கொடுத்த நோட்டு இருந்தது. தன்னையறியாமல் அதைப் புரட்டினாள். மீரான் பாய் மறைத்துப் படித்த கடைசிக் கட்டம் கண்ணில் பட்டது. ஐந்து நிமிஷம் ஓடினால் அன்று காலையில் தொலைத்த பேனா. இருபது நிமிஷத்துக்குப் போன வருஷத்துத் திருகாணி. இருபத்திரண்டுக்கு இரண்டு வருஷத்து மூடி. மேகம் மூடிய அன்றைக்கு முப்பத்தொரு நிமிஷம். அன்று வந்தது எட்டு வருஷத்துக் குடை. அவள் மறுபடியும் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அண்ணாச்சி!" என்று படியிலிருந்தே கத்தினாள். "இங்க வந்து இதப் பாருங்க. எவ்வளவு நேரம் ஓடுதோ அவ்வளவு பழசு வருது! விழுந்தாத்தான் தரும்னு யாரு சொன்னா? நின்னா தருது. அந்த பிரேக்கர்தான் அதை ஓடவே விடலியே!"

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி நோட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு திரும்பி, சங்கக் கூட்டத்தில்கூடக் கேட்டிராத கம்பீரத்தோடு, ஆனால் கிசுகிசுப்பாகச் சொன்னார்:

"சிஸ்டர் தூங்கட்டும். ஒரு பய சத்தம் போடக்கூடாது."

மறுநாள் காலை ஒன்பது முப்பதுக்கு எப்சிபா தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஏ.சி.யைப் போட்டாள். இருபது நிமிஷம் ஆயிற்று, விழவில்லை. அந்த இருபதாவது நிமிஷத்தை அவள் பார்க்கவில்லை. மூன்றாம் தெரு அன்று கண்ட அமைதியை அதற்கு முன்னும் பின்னும் எந்தத் தெருவும் கண்டதில்லை. குக்கர்கள் விசில் அடிக்கும் முன்பே இறக்கப்பட்டன, காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் கத்தரிக்காயைக் கையில் தூக்கிக் காட்டியபடி ஒவ்வொரு வாசலாகப் போனார், மோட்டார் சைக்கிள்களைத் தெருமுனையில் அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், ஒரு புருஷன் பொஞ்சாதி சண்டை பாதியில் எழுத்து மூலமாக மாற்றப்பட்டுச் சிலேட்டில் தொடர்ந்தது, தும்மல் வந்தவர்கள் அடுத்த தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார்கள். சண்முகவடிவு எதிர்வீட்டுப் படியில் கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தொங்கும் பெட்டியின் விசிறி சுற்றுவதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எப்சிபா கண் விழித்தபோது மணி ஐந்து பத்து. உடம்பு லேசாக இருந்தது. ஒரு சத்தமும் இல்லாததால் ஒரு நிமிஷம் காது அடைத்துவிட்டதோ என்று பயந்தாள். பிறகு ரிமோட்டை எடுத்து, தன் கையாலேயே ஏ.சி.யை நிறுத்தினாள். அது வாயை மெதுவாக மூடியது. மூடுவதற்கு முன், நீல ரிப்பனோடு ஒன்று வந்து போர்வையில் பொத்தென்று விழுந்தது.

அவள் தலைகூட வாராமல் இறங்கி வந்தாள். தெருவே எழுந்து நின்றது. மெடல் கறுத்திருந்தது, முன்புறம் 'நூறு மீட்டர், முதலிடம்' என்றிருந்தது. சண்முகவடிவு அதைத் திருப்பினாள். பின்னால், பஸ்ஸில் உட்கார்ந்து காம்பஸ் முனையால் கீறிய கோணல் எழுத்து: ச. சண்முகவடிவு, 9-ஆ. பேர் வெட்டிய பொருள் பேருக்குரியவருக்கே. அண்ணாச்சி எழுதிய சட்டம்தான், அவரே துண்டை எடுத்துத் தோளிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பாத்தியளா?" என்றாள் சண்முகவடிவு. சத்தமாகக்கூட இல்லை. "நான் ஓடுனேன்லா?"

அவள் புருஷன் முன்னால் வந்தான். ரிப்பனை வாங்கி அவள் கழுத்தில் மாட்டினான்.

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள். அண்ணாச்சி வீட்டுக் கேட்டிலிருந்து தெருமுனைப் பம்புவரை நூறு மீட்டர் சுமாராக வரும். எப்சிபா நாடி பார்க்கிற தன் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தாள். "ரெடி" என்றாள். காலையிலிருந்து அடக்கிவைத்த சத்தம் அத்தனையும் சேர்ந்து தெருவிலிருந்து ஒரே கூச்சலாக வெடித்தது. "ஓடு வடிவு! யக்கா, ஓடு!" சண்முகவடிவு ஓடினாள், மெடல் நெஞ்சில் துள்ள, கொண்டை அவிழ, குக்கர்கள் ஒன்றுசேர விசில் அடிக்க, பம்பைத் தாண்டியும் நிற்கத் தெரியாமல் திருப்பம்வரை ஓடினாள்.

எப்சிபா பின்னாலேயே போய் அவளைப் பிடித்து உட்காரவைத்து நாடி பார்த்தாள். நன்றாக அடித்தது. பிறகு டூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று வீட்டுக்கு ஓடி, தலை வாரி, யூனிபார்ம் மாட்டி, கிளம்பும் முன் நோட்டைத் திறந்து குறித்தாள்:

'போட்டது 9.30. நிறுத்தியது 5.10. பிரேக்கர் விழவில்லை. வந்தது: மெடல், ஒன்று. வடிவக்கா, நூறு மீட்டர், இருபத்தியொரு நொடி. பொய் சொல்லவில்லை.'